வலப்பக்கத் தட்டு

எதையும் கையில் எடுப்பதற்கு முன் அம்மா இரும்பைத் தொடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். கதவு கிரில்லிலோ குழாயிலோ புறங்கையை ஒரு கணம் வைத்த பிறகுதான் பாத்திரமோ பையோ எடுப்பார். பட்டமளிப்பு விழாவில் என் பட்டச் சுருளை நீட்டியபோதுகூட, குனிந்து நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டுவிட்டுத்தான் வாங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம். உடம்பில் தேங்கிய மின்சாரம் பட்டால் பாகம் கெட்டுவிடும் என்று தொழிற்சாலையில் பழக்கிவிட்டது அது.

அம்மாவின் பெயர் வெரோனிகா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் ஈப்போ நகரின் சிலிபினுக்கு வந்தது. பள்ளியை விட்டதும் பேக்டரி பஸ் ஏறியவர், ஓய்வு பெறும்வரை ஒரே வரிசையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கத் தட்டிலிருந்து ஒரு மின்சுற்றுப் போர்டை எடுப்பார். ஒரு பாகத்தைப் பொருத்தி ஈயம் வைப்பார். வலப்பக்கத் தட்டில் போடுவார். மீதியை அடுத்த ஆள் பார்த்துக்கொள்வார். கடைசியில் அது என்ன பொருளாக வெளியே போனது என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்தச் சம்பளத்தில் நான் சமூகவியல் படித்தேன். இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறேன். என் பதில்கள் கடைசியில் என்ன ஆகின்றன என்று எனக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்கு ஒரே ஆசை. ஒரு பொருளையாவது முதலிலிருந்து முடிவுவரை தானே செய்துவிட வேண்டும். பின்னறையில் வேலைமேசை போட இடம் ஒதுக்கினார். மேசை, பக்கத்து வீட்டுத் தவமணி டீச்சரிடம் இருந்தது. இறந்துபோன அவர் கணவர் ஸ்கந்தராஜாவின் கனத்த மரமேசை.

“சும்மா வேணாம் டீச்சர். பதிலுக்கு என்ன செஞ்சி தரணும், சொல்லுங்க.”

“அப்ப ஒரு லைட் செய்து தாரும். கேட்டில மணி அடிச்சா எனக்குக் கேக்குதில்லை. போன கிழமை மகள் ஆர்த்திகா லூமுட்டில இருந்து வந்து மழையில நிண்டவள். இனித் தனிய இருக்க வேண்டாம், தன்னோட வா எண்டு பிடிவாதமா நிக்கிறாள்.”

“மணி அடிச்சா ஹால்ல லைட்டு எரியணும், அவ்வளவுதானே? செஞ்சிரலாம்.”

“வெடிச்சுப் போகாதே?”

“வெடிச்சா இன்னும் நல்லா தெரியும் டீச்சர்.”

மேசை வந்தது. அம்மா அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பைப் போட்டு, அதிலிருந்து ஒரு ஒயரை ஜன்னல் கம்பியில் கட்டினார். சார்டின் டின்னில், ஈயம் வைக்கும் சூட்டுக்கோலைத் துடைக்க ஈரப் பஞ்சு. ஈயப் புகையை வெளியே தள்ள ஒரு சின்னக் காற்றாடி. செய்முறைக் காணொளி பார்க்க, சுவரில் சாய்த்த கைப்பேசி. இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு. போர்டுகள் ஒரு கட்டாகத்தான் கிடைத்தன. எல்லாவற்றையும் இடப்பக்கம் அடுக்கினார்.

ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்தேன். வலப்பக்கத் தட்டு நிறைந்திருந்தது. எல்லாப் போர்டிலும் முதல் பாகம் மட்டும் இருந்தது. ஒன்றில்கூட இரண்டாவது இல்லை.

“அம்மா, டீச்சருக்கு ஒன்னு போதும்லா. ஒன்னை முழுசா முடிங்களேன்.”

“ஒரே வேலையா செஞ்சா தப்பு வராது, சமந்தா.”

“அப்புறம்?”

“அப்புறம் ஜேனட் எடுத்துக்குவா.”

ஜேனட், வரிசையில் அம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்தவர். சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே உறைத்தது. இருவரும் சிரித்தோம்.

“சரி, நாளைக்கு நான்தான் ஜேனட்” என்றார்.

மறுநாள் காலை தேவாலயப் பூசைக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்தார். பக்கவாதம் என்றார்கள். அந்த வாரமே அடக்கமும் முடிந்தது. நான் அழவில்லை. வந்தவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன், கோப்பைகளைக் கழுவினேன். கூட்டம் கலைந்த பிறகு பின்னறைக்குப் போனேன். நாற்காலி மேசையின் வலப்பக்கம், ஜேனட்டின் இடத்தில் போடப்பட்டிருந்தது. எதுவும் தோன்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து டீச்சரிடம் போய், கடையில் ஒரு விளக்கு மணி வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

“கடையில வாங்கிறதெண்டா நான் ஏன் மேசையைக் குடுத்தனான்? வெரோனிகா செய்து தாறன் எண்டவ.”

குரலில் கோபம் இல்லை. அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பாரா, தெரியவில்லை.

அடுத்த மாதம் ஆர்த்திகா காரோடு வந்து டீச்சரை லூமுட்டுக்கு அழைத்துப் போனார். பைகளை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். “டீச்சர், மேசைய எடுத்துக்குங்க, ஆள் வச்சி அனுப்பிவைக்கிறேன்” என்றேன்.

“அது நான் குடுத்த சாமான், பிள்ளை. திருப்பி எடுக்க மாட்டன்.” கார்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினார். “லைட்தான் இன்னும் வரேல்லை.”

போர்டுகள் வலப்பக்கத் தட்டில் இருக்கின்றன. நான் இன்னும் எடுக்கவில்லை.