உயிரோடு இருப்பவளுக்கு ஒரு போஸ்டர்

என் மனைவி நர்ஸ். வளைகுடா நாடொன்றில், ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்து நாலு மாதமாகியும் பாஸ்போர்ட்டைத் தராமல் மேனேஜர் பிடித்து வைத்துக்கொண்டான். இங்கே எங்கள் மூன்று வயது மகள், வருகிற போகிறவர்களிடமெல்லாம் என் போனைக் காட்டி, "அம்மா உள்ள இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். எனக்குத் தெரிந்த அரசாங்கம் மனு வாங்குகிற அரசாங்கம். டெல்லிக்குப் பதிவுத் தபாலில் மூன்று மனு போட்டேன். பதில் இல்லை. இணையதளத்தில் புகார் பதியுங்கள் என்றார்கள், பதிந்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. தினமும் பல் துலக்குவதற்கு முன்பே திறந்து பார்ப்பேன். அது பாட்டுக்குப் பரிசீலனையிலேயே இருந்தது. எங்கள் முதலாளி அண்ணாச்சி தன் பங்குக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். "அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க..." என்று இழுத்தேன்.

"பாஸ்போர்ட் விசயம்லே. எல்லாச் சாமியும் சேந்து இறங்கட்டும்" என்றார்.

அப்போதுதான் என் மனைவியின் தோழி, அவளும் நர்ஸ்தான், போன் செய்தாள். "என்னண்ணே, இன்னுமா தபால் போட்டுக்கிட்டு இருக்கீக? இப்ப தூதரகமே போன்லதான் குடியிருக்கு. அவுக பக்கத்தை டேக் பண்ணி ஒரு போஸ்ட் போடுங்க. கூட ஒரு படமும் வைங்க, அப்பத்தான் சட்டுனு கண்ணுல படும்."

படம்தானே! என் பிழைப்பே அதுதானே!

அது காலண்டர் சீசன், தலைக்கு மேல் வேலை. எங்கள் தொழிலில் வெற்றுப் பக்கத்திலிருந்து யாரும் தொடங்குவதில்லை. திறந்திருக்கிற பழைய ஃபைலில் படத்தையும் பெயரையும் மாற்றுவோம். கல்யாணப் பத்திரிகை முதல் வெடிப்பெட்டி லேபிள் வரை அப்படித்தான் பிறக்கிறது. அன்று திறந்திருந்தது யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி'யை அழித்து 'உதவி வேண்டி' என்று அடித்தேன். பெரியவரை எடுத்துவிட்டு அந்த வட்டத்தில் என் மனைவியின் முகத்தை வைத்தேன். இரண்டு பக்கமும் இருந்த குத்துவிளக்கு அம்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன். ஆண்டவர் துணை இருக்கட்டும் என்று உச்சியில் ஒரு சிலுவை. நடுவில் தமிழில் விவரம். அடியில் ஆங்கிலத்தில் அவள் பெயர், மருத்துவமனையின் பெயர், என் போன் நம்பர். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "எம்புட்டு எடுப்பா இருக்குலே!" என்றார். போஸ்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ ஆறவில்லை, தூதரகத்தின் பதில் வந்துவிட்டது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார்கள். உடலைத் தாயகம் அனுப்ப எல்லா உதவியும் செய்வார்களாம். அதற்குக் கீழே முன்பின் தெரியாத ஆட்கள் வரிசையாக இரங்கல் எழுதியிருந்தார்கள்.

"அட பாவி, பொண்டாட்டிக்கே அஞ்சலி அடிச்சுட்டியேலே!" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். 'அவள் சாகவில்லை' என்று அடிப்பதற்குள் நாலு தடவை தப்பாக அடித்தேன்.

அதற்குள் தூதரக அதிகாரி, உடல் எங்கே இருக்கிறது என்று கேட்க மருத்துவமனைக்கே போன் போட்டுவிட்டார். வார்டில் போனை எடுத்தது என் மனைவி. அவள் பெயரையே சொல்லி, எப்போது இறந்தார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"சார், அது நான்தான் சார். எனக்கு இன்னும் டூட்டியே முடியல" என்றாளாம் இவள்.

தூதரகத்திலிருந்து பிணத்தைக் கேட்டு போன் வந்தது என்றதும் மேனேஜர் வெலவெலத்துப் போனான். அன்று சாயங்காலமே பாஸ்போர்ட் அவள் கைக்கு வந்தது.

மறுநாள் அந்த அதிகாரி என்னிடம் பேசினார். தமிழர்தான். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று எழுந்து நின்றுகொண்டேன். அவர் சிரித்தார். "உங்க போஸ்டரைப் பாத்தவருக்குத் தமிழ் தெரியாதுங்க, குத்துவிளக்கையும் சிலுவையையும் பாத்துட்டு இறப்புன்னு என்கிட்ட சொல்லிட்டார். இறப்புன்னா உடனே போனை எடுக்கணும்னு எங்களுக்கு உத்தரவுங்க. மத்ததெல்லாம் வரிசையிலதான் வரும். வரிசை ரொம்ப நீளம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மனு மூணும் டெல்லியிலருந்து இப்பத்தான் வந்து சேந்துது. மன்னிச்சுக்கோங்க" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

அவள் மதுரையில் வந்து இறங்கினாள். காரில் மகளை மடியில் வைத்துக்கொண்டு முதலில் போட்டோவுக்குத்தான் சண்டை. "ஊரே பாக்குற படத்துக்கு இந்த மூஞ்சிதான் கிடைச்சுதாக்கும்?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள்.

"நான் உசுரோட இருக்கேன்னு சொன்னதும் அந்த சார், 'நீங்க நல்லாயிருக்கீங்களாம்மா'ன்னு கேட்டார். நாலு மாசத்துல அப்படிக் கேட்டது அவர் ஒருத்தர்தான். நீங்க தினம் போன எடுத்ததும், 'பாஸ்போர்ட் குடுத்துட்டானா'ன்னுதான ஆரம்பிப்பீக?"

உண்மைதான். திருமங்கலம் தாண்டித்தான் கேட்டேன், "நீ நல்லாயிருக்கியா?" என்று. விருதுநகர் தாண்டியும் அவள் சொல்லி முடிக்கவில்லை.