நாற்பத்து மூன்றாம் குழாய்

முப்பிடாதியை நான் ஒரே ஒரு நாள்தான் மனசாரத் திட்டினேன். மற்ற நாளெல்லாம் திட்டியது வேலைக்காக. தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஷமீம் பானு என்கிற நான் வார்டு நர்ஸ், அவள் ஆயா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. அவளுக்கோ கோபமே வராது. இலஞ்சியிலிருந்து நனைந்தபடி, குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வருகிறவளை என்னவென்று சொல்ல? கேட்டால், "இது மழையில்லியே சிஸ்டர், சாரல்தான" என்பாள்.

பதினாறு வயதில் தாய்மாமன் நம்பிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளைப் பெற்ற மாரித்தாய் கட்டியதும் தன் தாய்மாமனைத்தான். நாலைந்து தலைமுறையாக வெளியே பெண் கொடுக்காத, வெளியே பெண் எடுக்காத குடும்பம். அதனால் பெற்ற அம்மாவே முப்பிடாதிக்கு நாத்தனார். ஐந்து முறை உண்டானாள். ஐந்தும் நாலாம் மாசத்தைத் தாண்டவில்லை. ஐந்துக்கும் மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள். கேட்டால் சொல்ல மாட்டாள். "பெறாதவளுக்கு இங்கன என்ன பேச்சு" என்று ஒரு கல்யாண வீட்டில் மாரித்தாயே சொன்னாளாம். அதை என்னிடம் சொல்லும்போதும் முப்பிடாதி சிரித்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எண்பத்தொன்று வைகாசியில் மெட்ராஸிலிருந்து டாக்டர் அகிலாண்டம் வந்தார். நாலைந்து பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தம் வேண்டும் என்றார். பிள்ளையில் பாதி தகப்பன். அந்தப் பாதி தாயின் ரத்தத்துக்கு வேற்றாள். சில தாய்மாரின் ரத்தம் அந்த வேற்றாளை அடையாளம் கண்டு, மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அந்த ரத்தத்தைக் கொண்டுதான் ஒருவர் சிறுநீரகம் இன்னொருவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்களாம்.

"எத்தன வருசம் மறக்காம வச்சிருக்கும் டாக்டரம்மா?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"சிலருக்கு ஆயுசு முழுக்க."

அன்றிலிருந்து அவள் நடையே மாறிப்போயிற்று. குழாய்களை ஐஸ் போட்ட பிளாஸ்கில் அடுக்கி, சாயங்காலக் கொல்லம் மெயிலில் ஏற்றிவிடுவது அவள் பொறுப்பு. பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் அப்படியே கண்ணயர்ந்து விடுவாள். அந்த அரைத் தூக்கத்தில், ஐந்தருவி ரோட்டில் ஐந்து பேரும் ஆளுக்கொரு இலைக்கொத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனைந்து வருவார்களாம். கிட்டே வரவர ரோடு நீண்டுகொண்டே போகுமாம். முகம் மட்டும் தெரியாதாம். ரயில் வந்து நிற்கும் சத்தத்தில்தான் எழுந்திருப்பாள்.

ஆனி முடிவில் மெட்ராஸிலிருந்து முடிவுகளின் பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் 'ஒன்றுமில்லை'தான், அது வழக்கம். அப்படி 'ஒன்றுமில்லை' என்று வந்த நாற்பத்து மூன்றாம் குழாய் யாருடையது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டினேன். 'முப்பிடாதி, இலஞ்சி. பிரசவம்: ஐந்து' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. லேப்காரனைக் கெஞ்சித் தன் ரத்தத்தையும் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வந்ததே கோபம்.

"ஏட்டி, ரெஜிஸ்டர்ல பொய் எழுதுதியா? ஒனக்கு ஏதுட்டி அஞ்சு பிரசவம்?" என்று கேட்டு, சிவப்பு மையால் அந்த ஐந்தை அடித்தேன்.

அவள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரத்தமாவது வச்சிருக்கும்னு நெனச்சேன் சிஸ்டர். அதுலயும் ஒண்ணும் இல்லயாம்லா."

என் நரம்பில்லாத நாக்கு, பேசிவிட்டது. அதன்பிறகு மூன்று வாரம் அவள் சாரலுக்குக் குடையை விரித்துக்கொண்டுதான் வந்தாள்.

ஆடியில் டாக்டர் அகிலாண்டம் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார். நானே போய் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, முப்பிடாதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஊருக்குள்ள பெரியம்மை வந்தது ஞாபகம் இருக்கா? எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டுன்னா திருடனுக்கு ஒரு சாவி போதும். உடம்புக்கு உடம்பு பூட்டு வேற வேறயா இருந்ததாலதான் ஊர் மிஞ்சிச்சு. மிஞ்சினவங்க பூட்டுதான் தலைமுறை தலைமுறையா நம்மகிட்ட வந்திருக்கு. வேற்றாளான்னு தாயோட ரத்தம் பார்க்கிற அடையாளமும் அந்தப் பூட்டுதான்."

"நாங்க வீட்டுக்குள்ளயே கட்டிக் கட்டி வந்தவங்க டாக்டரம்மா. எங்களுக்கெல்லாம் ஒரே பூட்டால்லா இருக்கும்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா."

நம்பிராஜன் புளியறை செக்போஸ்டில் லாரிக்காரர்களுக்குப் பரோட்டா போடுகிறவர். கல்லுச்சூட்டுக்கு அஞ்சாத மனுசன், ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் மாமா" என்று முப்பிடாதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐப்பசியில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். இருவருடைய அடையாளமும் ஏறக்குறைய ஒன்றேதான். பிள்ளைகள் ஏன் தங்கவில்லை என்பது தங்களுக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். கீழே இரண்டு வரி: 'வேற்றாளைத்தான் ரத்தம் குறித்து வைக்கும், முப்பிடாதி. அந்தப் பிள்ளைகளிடம் உன் ரத்தத்துக்கு அந்நியம் என்று அநேகமாக எதுவுமே இருந்திருக்காது.'

"இன்னொருக்க வாசிங்க சிஸ்டர்."

வாசித்தேன்.

"அப்பம் மறக்கல்ல. தன்னோடதுன்னே நெனச்சிருக்கு" என்றாள். பிறகு அழுதாள். ஒன்பது வருசமாகக் கூட வேலை பார்க்கிறேன், அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

நான் ரெஜிஸ்டரை எடுத்தேன். நாற்பத்து மூன்றுக்கு நேரே, என் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், மறுபடியும் 'ஐந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இப்பமாவது பேரச் சொல்லுட்டி" என்றேன்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டத்துக்குள் ஐந்தும் கொள்ளவில்லை. ஓரத்தில் சாய்த்து எழுதி முடித்தேன்.