அண்ணன் போட்ட நிழல்

என் அண்ணன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிழல் போடுகிறான் என்று சொன்னால் சிரிப்பார்கள். உண்மை என்னவோ அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவைத் திறந்தால் அதன் ஓரத்தில் மெலிதாக ஒரு நிழல் தெரியுமே, அதை வரைகிற மென்பொருளை எழுதுவதுதான் அவன் பிழைப்பு. அலுவலகத்தில் அவனுக்கு 'நிழலார்' என்றே பேர்.

அவன் சேர்ந்த காலத்தில் எல்லா விண்டோவுக்கும் கரித்துணியால் இழுத்து விட்டதுபோல் ஒரே கறுப்புப் பட்டைதான். அவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒட்டினாற்போல் கீழே இருக்கும் விண்டோ மேல் விழுகிற நிழல் கூர்மையாக இருக்க வேண்டும், வெகு கீழே விழுவது பரந்து வெளுத்துப் போக வேண்டும் என்றான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கித் தூக்கி அதன் நிழலைப் பார்ப்பான்.

"மேல போகப் போக ஓரம் எப்படிக் கரையுது பாரு."

"அதைப் பாத்தா வயிறு நிறைஞ்சிடுமா?" என்பாள் அண்ணி.

அண்ணிக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "இந்த நிழல் மட்டும் மென்பொருளோட வெளிய போயிடட்டும், அடுத்த வாரமே அங்க இருப்பேன்" என்றான் அண்ணன். அண்ணி பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாள்.

நிழல் வெளியே போவதற்குள் பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். அப்புறமாவது கிளம்பினானா? மூலையில் ஒரு கோடு தெரிகிறது, அதைச் சரி செய்துவிட்டுப் போகிறேன் என்றான். கோடு போனது, வேறொன்று வந்தது. நான் திட்டும்போதெல்லாம், "அத்தனை பேர் தினமும் பாக்கிறாங்கம்மா, அரைகுறையா விட்டுட்டு வர முடியுமா?" என்பான். பெற்ற மகளை விட்டுவிட்டு இருப்பதற்கு அவனிடம் இருந்த ஒரே நியாயம் அந்த 'அத்தனை பேர்'தான்.

நான் ஒரு மருத்துவமனையில் பில் போடுகிறேன். எங்கள் கவுண்டர்களில் ஓடுவதும் அண்ணன் கம்பெனி மென்பொருள்தான். ஒரு மத்தியானம், நான் மறந்துவிட்டு வந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த அண்ணன் என் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். விண்டோக்கள் மொட்டையாகக் கிடந்தன. நிழலின் சுவடே இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"எப்பவுமே இப்படித்தாண்ணா இருக்கு."

யார் சதியும் இல்லை, அவன் கைவேலையேதான். பழைய கம்ப்யூட்டர்கள் திணறக் கூடாதே என்று அவனே ஒரு சோதனை எழுதி வைத்திருந்தான். திரையை வரைய நேரமானால் நிழல் தானாக நின்றுவிடும். அந்தச் சோதனை கம்ப்யூட்டரைத் திறந்த முதல் நொடியிலேயே நடந்தது. அந்த நொடியில் திணறாத கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? அவன் மேசையில் இருக்கிறது, ஒரு பூதம். அதில் மட்டும் நிழல் ஜோராக விழுந்தது, இவனும் அதைப் பார்த்துப் பார்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தான். மற்ற இடங்களில் அது பிறந்த அன்றே செத்துவிட்டது. இத்தனை வருடத்தில் நிழல் எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நான் உட்பட.

ஒரே வரியை மாற்றினான், சரியாகிவிட்டது. அடுத்த அப்டேட் எங்கள் மருத்துவமனைக்கு வந்ததும், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்து இருக்கை அக்காவின் பின்னால் நின்றான்.

"அக்கா, திரையில ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"தெரியாம என்ன தம்பி? ஓரமெல்லாம் ஒரே அழுக்கு. மருந்தடிச்சுத் தேய்ச்சும் பாத்துட்டேன், போகல. நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே, அதைக் கொஞ்சம் எடுத்து விடுங்களேன்."

"அக்கா, அது அழுக்கு இல்ல" என்று நான் எகிறினேன். அண்ணன் என் தோளை அழுத்தினான். குனிந்து மவுஸை வாங்கித் திரையில் எங்கேயோ போய் எதையோ சொடுக்கினான். நிழல் போய்விட்டது.

"ஹப்பா, இப்பதான் பளிச்சுனு இருக்கு" என்றாள் அக்கா. நல்ல மனுஷிதான். இருந்தாலும் அந்த நிமிஷம் அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றபடியே அண்ணிக்குப் போன் போட்டான். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நான் அங்க வந்துடறேன்."

"லீவுக்கா?"

"இல்ல. ஒரேயடியா."

அண்ணி, "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

சரி என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த நாளே வேலையை விட்டான், துணிமணியைக் கட்டி வைத்தான். மாதம் இரண்டாகிறது. அண்ணி இன்னும் பாப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் போலும்.