கள்ள விரதத்தைக் காட்டிய மெசின்

பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள் என்றதும், எல்லாம் நல்லபடி முடிய வேண்டுமென்று பிள்ளையாருக்கு இரண்டு நாள் விரதம் பிடித்தேன், பச்சைத் தண்ணீரும் குடியாமல். மனைவி முன்னமே கட்டளை போட்டிருந்தாள், ஒபரேசன் முடியுமட்டும் விரதம் கிரதம் என்று தொடங்கக் கூடாதென்று. ஆகவே கள்ள விரதம். அவள் கட்டித்தந்த சாப்பாட்டை லா சப்பல் பகுதித் தமிழ்க் கடையில் என்னோடு வேலை செய்யும் அண்ணை சாப்பிட்டார். வீட்டில் வந்து, வயிறு இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது என்று புளுகினேன். கடைசி நாள், "கறி அந்தமாதிரி, நல்ல ருசி" என்று வேறு சொல்லிவைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. ஒபரேசன் பயமாக்கும் என்று நினைத்தேன்.

வெறும் வயிறா என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது "உய்", ஓம் என்று பிரெஞ்சில் பெருமையோடு சொன்னேன். எத்தனை நாளாக என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கென்ன விசரா?

ஒபரேசன் முடிந்து கண் விழித்தால், பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. பெண் டாக்டர் ஒருவர் ஸ்கான் மெசினைத் தள்ளிக்கொண்டு வந்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைப் பூசி, இருதயத்தைத் திரையில் பார்த்தார். என் பிரெஞ்சு கடைவாசலைத் தாண்டாது என்பதால் மனைவியை உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு என் இரண்டு காலையும் மேலே தூக்கிப் பிடித்துத் திரும்பப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி அங்கிக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. மானம் போனதுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் அப்போது காலிலிருந்த இரத்தம் இறங்கி இருதயம் கொஞ்சம் நிரம்பியதாம்.

மனைவி மொழிபெயர்த்தாள். இருதயம் நன்றாகத்தான் அடிக்கிறது, அதற்குள் வந்து சேரும் இரத்தம்தான் போதாது. வயிற்றுக்குள் எங்கேயும் கசிகிறதோ தெரியாது. வேறு காரணம் அகப்படாவிட்டால் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டிவரும்.

கத்தியா, மனைவியா? உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"இஞ்சாரும், நான் ரெண்டு நாளாத் தண்ணியும் குடிக்கேல்லை எண்டு சொல்லும்."

அவள் முகம் மாறாமல் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். உடனே சேலைன் ஏற்றினார்கள். டாக்டர் மறுபடி பார்த்தார். இருதயம் நிரம்பியிருந்தது, பிரஷரும் ஏறியது. வயிறு தப்பியது. முப்பது வருஷமாக அவளுக்குப் பிடிபடாத என் புளுகை அந்த மெசின் பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டது.

எல்லோரும் போனபின் அவள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். பேச்சு விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நேற்றுக் கறிக்கு நான் உப்புப் போட மறந்துபோனன்," என்றாள். "உப்பில்லாததைச் சாப்பிட்டிட்டும், என்ரை மனம் நோகக் கூடாதெண்டு நல்லாயிருக்கு எண்டு சொல்லுறாரே எண்டு எவ்வளவு அழுதனான் தெரியுமே? அந்தக் கண்ணீரைத் திருப்பித் தாங்கோ."