வடக்கே தலை வைத்த கட்டில்

சவுரியம்மாளுக்குக் காலையில் கண் திறக்கும்போதே அன்றைய கவலைகள் வரிசையில் வந்து நின்றுவிடும். திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற முதியோர் நர்சிங் ஹோமுக்கு அவள்தான் நர்சிங் டைரக்டர். அந்தப் பட்டமெல்லாம் பெயர்ப்பலகையில்தான், வாய்க்கு வாய் கூப்பிடுவது பெரிய சிஸ்டர் என்று. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் படிப்பை முடித்துச் சாதாரண நர்ஸாகச் சேர்ந்தவள், பதினைந்து வருஷத்தில் அத்தனை கிழடுகட்டைகளுக்கும் பொறுப்பாகிவிட்டாள். யாருக்குச் சோறு இறங்கவில்லை, யார் பாத்ரூமில் வழுக்குவார், எந்தப் பெண் சொல்லாமல் லீவு போடுவாள், எல்லாம் அவள் தலையில்தான். பொறுப்பு என்றால் கேட்க நல்லாத்தான் இருக்கும், சுமந்து பார்த்தால்தானே தெரியும்!

அந்த வாரம் வெள்ளையடித்த பிறகு, மாத்திரை வண்டி சுலபமாகப் போகட்டும் என்று ஆண்கள் கூடத்தில் கட்டில்களை மாற்றிப் போடச் சொன்னாள். எல்லாத் தலைமாடும் வடக்குச் சுவர் பக்கம். மூலையில் ஒன்று மட்டும் இடம் பற்றாமல் கிழக்கே தலைமாடாகக் கிடந்தது. அதில் கெடார் ஊர்க்காரர் கிருஷ்ணசாமி, சர்க்கரை நோய்க்காரர்.

"சிஸ்டரம்மா, வடக்க தலை வெச்சா ஆகாதும்மா," என்று மரக்காணத்துச் சிங்காரம் கெஞ்சினார். பாதி ஆயுசைக் கடலில் கழித்தவர், திசை விஷயத்தில் லேசில் மசிய மாட்டார்.

"ஐயே, இது ஆஸ்பத்திரி பெரியவரே. பேஜாரு பண்ணாம படுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

பெரியவர் விடுவாரா? ஒரு கை மல்லாட்டையை, அதான் அவித்த வேர்க்கடலையை, கொடுத்துக் கிருஷ்ணசாமியிடம் கட்டிலை மாற்றிக்கொண்டார். மறுநாள் காலை, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வேணி இன்சுலின் என்கிற சர்க்கரை ஊசியோடு நேரே மூலைக்கட்டிலுக்குப் போனாள். மூலைக்கட்டிலுக்குச் சர்க்கரை ஊசி என்று அவளைப் பழக்கியதே சவுரியம்மாள்தான். சிங்காரமும் ஒரு வார்த்தை கேட்காமல் கையை நீட்டினார். சிஸ்டர் பொண்ணு போட்டால் நல்லதுக்குத்தானே போடும்.

கஞ்சி வருவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நாக்கு குழறியது, அப்படியே சாய்ந்துவிட்டார். சவுரியம்மாள் ஓடி வந்தாள். பக்கத்தில் கிருஷ்ணசாமி மல்லாட்டைக் கதையைத் திக்கித் திணறிச் சொன்னதும் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஐயோ மாதாவே, சர்க்கரை இல்லாத உடம்பில் சர்க்கரை ஊசியா!

"ஜல்தியா குளுக்கோஸ் எடுத்தா வேணி, அழுதுக்கினு நிக்காத!"

நரம்பு கிடைத்தது. மருந்து ஏறியது. பெரியவர் கண் திறக்கவில்லை. விழுப்புரத்தில் இருந்த முதலாளி டாக்டர் இளவழகன் போனில், உடனே கிளம்புகிறேன் என்றார். "அவரு பையன் வந்தா, வயசானவரு, சும்மா மயக்கம்னு சொல்லி வைங்க சிஸ்டர். நம்ம பேரு கெட்டுப் போவும்."

சிங்காரத்தின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். எழுந்திருக்காமல் போய்விட்டால் இந்த மனுஷனைக் கொன்றது யார்? வேணியா? இல்லை, காது கொடுத்துக் கேட்காத நான்தானே?

கடைசியில் இமை அசைந்தது. "டீ இருக்காம்மா?" என்றார். சவுரியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சர்க்கரை போட்ட டீயை அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது போனில் தகவல் கேட்டு மகன் தென்னரசு பதறியடித்து வந்து சேர்ந்தான். "ஒண்ணும் இல்லடா, பசி மயக்கம்," என்றார் சிங்காரம், வேணியின் அழுத முகத்தைப் பார்த்துக்கொண்டே. அதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சவுரியம்மாளால் முடியவில்லை.

"இல்லைங்க. ஆள் மாறி ஊசி போட்டுட்டோம். இந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. பேரைக் கேட்டு ஊசி போடணும்னு நான் பழக்கல. உங்கப்பா சொன்னதையும் காதுல வாங்கல."

தென்னரசு எகிறினான். "மனுசன் உசுரோட வெளையாடறீங்களா? கெளம்புப்பா, வூட்டுக்குப் போலாம்!"

 

சிங்காரம் டம்ளரைக் கீழே வைத்தார். "வர்றேன்டா. வூட்ல எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கறது, அதைச் சொல்லு. எனக்கு அங்க எடம் இருந்தா இங்க ஏன்டா கொண்டாந்து வுட்ட?"

தென்னரசு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றான். அவன் திட்டியதே தேவலை என்றிருந்தது சவுரியம்மாளுக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டிலைப் பிடித்தாள்.

"வேணி, அந்தப் பக்கம் புடி. எல்லாத்தையும் திருப்பணும்."