கார்புரேட்டர் வாயில் ஒரு துணி

அந்தக் கோடையில் பெங்களூரில் செம்மண் புழுதி பறந்தது. முதலாளியின் ரேஸ் கார் ஷெட்டில் நிற்கும்போது, காற்றை இழுக்கும் இரண்டு கார்புரேட்டர் வாய்களையும் துணியால் அடைப்பேன், கிளம்பும்முன் எடுத்துவிடுவேன். அன்று அவர் காரை எடுத்துக்கொண்டு அத்திபெலே பக்கம் போன பிறகு பார்த்தால், என்னிடம் ஒரு துணிதான் இருந்தது. மற்றது உள்ளே இழுபட்டால் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொள்ளும், வேகம் குறையாது. மூட்டை கட்டினேன். தப்பு நடந்தால் ஊர் ஊராக அப்படித்தான் ஓடியிருக்கிறேன். ஆனால் அவர் உயிரோடு திரும்புவாரா என்று தெரியாமல் கேட்டைத் தாண்ட முடியவில்லை.

சாயங்காலம் கார் வந்தது. துணியை என் மடியில் எறிந்தார்.

"தெருமுனையிலயே இஞ்சின் இருமிச்சு, இறங்கி எடுத்துட்டேன். மூட்டையோட எங்கேப்பா, மாமியார் வீட்டுக்கா?"

மூட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"துவைச்சுப் போடு. நாளைக்கும் புழுதிதான்."

அன்று மூட்டையைப் பிரித்ததுதான், பிறகு கட்டவில்லை.