அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி

மோர்னிங்சைட்டில் அண்ணனும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடுகளாகத் தேடி வாங்கினோம். ஒரு வீட்டில் கறி வைத்தால் மற்ற வீட்டுக்குச் சூடாகப் போகவேண்டும் என்பது திட்டம்.

என் மகளின் கலியாணத்தில் அவரை இரண்டாவது வரிசையில் இருத்திவிட்டோம். மூன்று வருடமாகப் பேச்சில்லை.

போன மாதக் காற்றில் நடுவேலி சரிந்தது. அன்றிலிருந்து பின்வளவில் எதிர்ப்பட்டால் இருவருக்குமே வீட்டுக்குள் அவசர வேலை வந்துவிடுகிறது.

இன்று வேலி போடுபவர் வந்தார்.

"மரமோ, வினைல் பிளாஸ்டிக்கோ? ரெண்டு வீடும் ஓம் எண்டாத்தான் தொடங்குவன், அண்ணை."

மரம் என்றேன்.

"மரம் வடிவுதான். ஆனா காய்ஞ்சா இடைவெளி விழும். அங்கால ஆள் நடமாடுறது தெரியும்."

அதற்காகத்தான் மரம் கேட்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரம் அண்ணன் கதவைத் திறந்து வெளியே வந்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"டேய், மரம் வேண்டாம். வினைலைப் போடு. ஒரு ஓட்டையும் வராது. முப்பது வருஷம் நிக்கும்."

மூன்று வருடத்தில் அவர் என்னோடு பேசியது இவ்வளவுதான். அவருக்கு எழுபது வயது, எனக்கு அறுபத்தாறு.

"ஓம் அண்ணா" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நிறத்துக்கும் இரண்டு வீட்டின் சம்மதம் வேண்டுமாம். வினைல் எத்தனை நிறங்களில் வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டவேண்டியிருக்கிறது.